மண்ணாங்கட்டியின் இரண்டாம் ஈடு

செப்டம்பர் 4

சுண்டு,

நலமா என்று எழுதிவிட்டு அடித்தேன். எந்தக் கடிதத்தையும் அப்படி ஆரம்பித்துத்தான் எனக்குப் பழக்கம். ஏழாவதோடு நின்ற படிப்புக்கு வேறு விதமாக ஆரம்பிக்கத் தெரியவில்லை.

நீ போய் ஒரு மாதம் ஆகிவிட்டது. மாப்பிள்ளைக்கு வேறு ஊரில் லிஃப்ட் மாட்டுகிற வேலை வந்துவிட்டது. பெரிய கட்டடமாம், முடிய ஒரு வருஷம் ஆகுமாம். போகிற அன்று காலையில் ஆட்டோவில் உன் கண்ணாடிப் பெட்டிகளை எல்லாம் கொண்டுவந்து என் முன் அறையில் அடுக்கிவிட்டார். கட்டிலை நகர்த்தினோம். இப்போது நான் தையல் மெஷினுக்கும் பெட்டிகளுக்கும் நடுவில் ஒருக்களித்துத்தான் நடக்க வேண்டும்.

"அத்தை, இதுங்களைப் பார்த்துக்கிறதுக்கு உங்களை விட்டா எனக்கு யாரு இருக்கா?" என்றார். உன்னைத் திட்டிய வாயால் சரி என்றேன். கல்யாணம் ஆன பெண், மூக்குக்கண்ணாடிக் கடையில் நல்ல வேலை, போயும் போயும் ஓணான் வளர்க்கிறாளே என்று எத்தனை தடவை சொல்லியிருப்பேன். "ஓணான் இல்லம்மா, டிராகன். தாடி வச்ச டிராகன்" என்பாய். தாடி வைத்தால் மட்டும் ஓணான் சாமியார் ஆகிவிடுமா என்று கேட்டால் விழுந்து விழுந்து சிரிப்பாய்.

சிவப்பு மிளகாய், மஞ்சள் எலுமிச்சை, முதுகு வழவழவென்று இருக்கிற வழுக்கை, பிறகு உன் பழுப்பு மண்ணாங்கட்டி. நால்வரும் இங்கேதான் இருக்கிறார்கள். பழுப்பு ஆண் தவிட்டை மட்டும் மாப்பிள்ளை தன்னோடு கொண்டுபோய்விட்டார். நீ தோளில் வைத்துக்கொண்டு வீடு முழுக்கச் சுற்றுவாயே, அதனால் இருக்கும். நான் ஏன் என்று கேட்கவில்லை.

மண்ணாங்கட்டிக்கு வயிறு உப்பியிருக்கிறது. நேற்றிலிருந்து மூலையைப் பறண்டிக்கொண்டே இருக்கிறாள். ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முந்தின வாரம் அவளையும் தவிட்டையும் நீதானே ஒரே பெட்டியில் விட்டாய்? என் மெஷின் பக்கத்தில் உட்கார்ந்து எனக்குப் புரிகிற மாதிரி சொன்னாயே: "கோட்டு மாதிரிம்மா. வெளியே பழுப்பு, உள்ளே வெள்ளை லைனிங். ரெண்டு பேரும் அவங்கவங்க லைனிங்கைக் கொடுத்தாத்தான் குட்டி முழுக்க வெள்ளையா வரும். நாலுல ஒண்ணு வந்தா அதிர்ஷ்டம்." ஒரு கோடு, ஒரு புள்ளி இல்லாத வெள்ளை. மூன்று வருஷமாக அதற்குத்தானே அலைந்தாய்.

எனக்கு ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை. தைத்ததைப் பிரித்துத் திரும்பத் தைக்கிறேன். நேற்று ஒரே பேன்ட்டை மூன்று தடவை சுருக்கினேன், தைக்கத் துணி கொடுக்கிற கடைக்காரர் என் முகத்தைப் பார்த்துவிட்டு அப்படியே வாங்கிக்கொண்டு போனார்.

இதைப் போட விலாசம் இல்லை. மெஷின் டிராயரில் வைக்கிறேன்.

அம்மா


செப்டம்பர் 14

அன்புள்ள மாப்பிள்ளைக்கு அத்தை எழுதுவது.

நான் சுகம்தான். உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது? உயரத்தில் ஏறி வேலை செய்கிறீர்கள், வயிறு காலியாக ஏறாதீர்கள்.

நீங்கள் போன் அடிப்பது தெரிகிறது. எடுக்க முடியவில்லை, தப்பாக நினைக்க வேண்டாம். "வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுட்டு வாங்கம்மா" என்று அவள் என்னை அனுப்பினாள், சோற்றில் கை வைத்தபோது ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. அதிலிருந்து அந்த மணிச் சத்தம் கேட்டாலே கை சில்லிட்டுப் போகிறது. அதனால் அதைத் துணிக்கு அடியில் வைத்துவிட்டேன். எழுதினால் படித்துக்கொள்வேன்.

நல்ல செய்தி. மண்ணாங்கட்டி முட்டை வைத்துவிட்டாள். மணல் தொட்டிக்குள் பள்ளம் தோண்டி, வைத்து மூடி, தலையாலேயே தட்டித் தட்டிச் சமன் செய்தாள். பத்தொன்பது முட்டை. கோழி முட்டை மாதிரி ஓடு இல்லை, மெத்தென்று தோல் மாதிரி இருக்கிறது. சுண்டு வைத்திருந்த சூட்டுப்பெட்டியில் பஞ்சு விரித்து அடுக்கிவிட்டேன். எனக்கு இது புதுசு இல்லை. சுண்டுவின் அப்பா இருந்த காலத்தில் கோழி வைத்திருந்தோம். அடை வைத்த கோழி அலகால் முட்டையைப் புரட்டிப் புரட்டி விடும், இல்லாவிட்டால் ஒரு பக்கம் ஒட்டிப்போகும். அதனால் காலையிலும் மாலையிலும் ஒவ்வொன்றையும் நானே திருப்பி விடுகிறேன். கைக்கு ஒரு வேலை கிடைத்தது. அந்த நேரம் மட்டும் மனசு கொஞ்சம் அடங்கியிருக்கிறது.

வேறு ஏதாவது செய்ய வேண்டுமா? அவள் உங்களிடம் சொல்லியிருப்பாளே. உடனே எழுதுங்கள்.

வேளைக்குச் சாப்பிடுங்கள்.

அத்தை


அக்டோபர் 5

மாப்பிள்ளைக்கு,

போன கடிதம் கிடைத்திருக்கும் என்று நினைக்கிறேன். உங்களுக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லையே? வேலை மும்முரம் என்றால் இரண்டு வரி போதும்.

முட்டைகளைப் பார்த்தால் எனக்கு ஒரு மாதிரி இருக்கிறது. முதலில் வெள்ளையாக உருண்டையாக இருந்தது. இப்போது சிலதில் பள்ளம் விழுந்திருக்கிறது, பந்தில் காற்று இறங்கின மாதிரி. ஒன்று மஞ்சளாகிவிட்டது. திருப்புவது போதவில்லையோ என்று மத்தியானமும் ஒரு தடவை திருப்புகிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு ஆள் வந்தார். சுண்டுவுக்குப் பழக்கமாம், வீட்டில் இருபது டிராகன் வைத்திருக்கிறாராம், விதவிதமான சிவப்பாம். மிளகாயைத் தூக்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார், என்னிடம் தைக்க வருகிறவர்கள் பட்டுத் துணியைப் பார்க்கிற மாதிரி. மிளகாயையும் எலுமிச்சையையும் கேட்டார். மண்ணாங்கட்டியைப் பார்த்துவிட்டு, "இது என்னம்மா, வேலியில ஓடுற ஓணானைப் பிடிச்சு உள்ளே போட்டுட்டாங்களா?" என்றார். எனக்குச் சுருக்கென்றது. "ஆமாங்க, அது வேலி ஓணான்தான். உங்க வீட்டு ராஜாக்களுக்கு அது சரிப்படாது" என்று அனுப்பிவிட்டேன். மற்ற இரண்டையும்கூடத் தரவில்லை.

பதில் போடுங்கள். முட்டைக்காகத்தான் கேட்கிறேன், வேறு ஒன்றும் இல்லை.

அத்தை


அக்டோபர் 22

அத்தைக்கு வணக்கம்.

நான் நல்லா இருக்கேன். உங்க மூட்டுவலி இப்போ எப்படி இருக்கு?

மன்னிச்சுடுங்க அத்தை. ரூம் மாறினேன். உங்க ரெண்டு கடிதமும் பழைய ரூம்லயே கிடந்து இன்னைக்குத்தான் கைக்கு வந்தது. படிச்சதும் பதறிட்டேன். போன் பண்ணினேன், நீங்க எடுக்கலை.

முட்டையைத் திருப்பாதீங்க. கோழி முட்டை வேற, இது வேற. வச்ச நாள்ல எது மேல் பக்கமோ அது கடைசிவரைக்கும் மேலேயே இருக்கணும். உள்ளே குட்டி ஒரு பக்கமா ஒட்டிக்கிட்டு வளரும், புரட்டினா மூச்சு முட்டிடும். அவ பென்சிலால ஒவ்வொண்ணுலயும் மேலே ஒரு புள்ளி வச்சிட்டுத்தான் எடுப்பா. அப்புறம் மூடிட்டா தொடவே மாட்டா. பஞ்சும் ஆகாது, சூட்டுப்பெட்டிக்குக் கீழே ஒரு பையில மினுமினுன்னு ஒரு தூள் இருக்கும், அதை ஈரமாக்கி அதுலதான் பாதி புதைச்சு வைக்கணும்.

இது உங்களுக்கு எப்படித் தெரியும்? நான்தான் கிளம்பும்போதே சொல்லியிருக்கணும். சொல்லத் தோணலை.

இங்கே வேலை பரவாயில்லை. சாப்பாடு பற்றிக் கவலை வேண்டாம், சைட்டுல கணக்கு எழுதுறவங்க வீடு பக்கத்துலதான், அங்கேயே ஏற்பாடு ஆகிடுச்சு.

உடம்பைப் பார்த்துக்கோங்க.

மாப்பிள்ளை


அக்டோபர் 30

மாப்பிள்ளைக்கு,

நலம். மூட்டுவலி அதன் பாட்டுக்கு இருக்கிறது, நான் என் பாட்டுக்கு இருக்கிறேன்.

உங்கள் கடிதம் வருவதற்கு முன்பே முட்டை எல்லாம் போய்விட்டது. கடைசி நான்கு பச்சை பூத்து நாறியது. உங்கள் கடிதத்தைப் படித்த பிறகு ஒன்றைக் கீறிப் பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது. கட்டை விரல் நகம் அளவு உடம்பு, அதில் கண் தெரிந்தது.

மாடியில் உடைந்த பூந்தொட்டி ஒன்று இருக்கிறது, அதில் போட்டு மூடிவிட்டு வந்தேன்.

உங்கள் மேல் தப்பு இல்லை. ரூம் மாறினால் கடிதம் தவறத்தான் செய்யும். என் கையைச் சொல்ல வேண்டும். அவள் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோதும் இப்படித்தான், போர்வையை இழுத்து விடுவதும் தலையணையைத் திருப்புவதுமாக இருந்தேன். "அம்மா, கொஞ்ச நேரம் சும்மா இரேன்" என்றாள்.

ஒரு உதவி. தவிட்டை ஒரு வாரத்துக்கு இங்கே கொண்டுவர முடியுமா? மண்ணாங்கட்டியோடு திரும்ப ஒரு தடவை விட்டால் போதும். இந்தத் தடவை நான் தொட மாட்டேன், புள்ளி வைத்துவிட்டுத் தள்ளி நின்றுகொள்வேன். ஒரு வெள்ளை வந்துவிட்டால் போதும் எனக்கு, அப்புறம் நீங்கள் எந்த ஊரில் வேண்டுமானாலும் வேலை பாருங்கள், நான் ஒன்றும் கேட்க மாட்டேன்.

வந்தால் ஒரு நேரம் இங்கே சாப்பிட்டுப் போகலாம்.

அத்தை


நவம்பர் 25

அத்தைக்கு வணக்கம்.

நலம், நலமறிய ஆவல். பதில் தாமதம் ஆகிடுச்சு, ஆறாவது மாடி மோட்டார் தகராறு பண்ணுது.

தவிடு ரொம்ப நல்லா இருக்கான். என் ரூம்ல பகல் முழுக்க ஆள் இல்லை, வெளிச்சமும் இல்லை. அதனால ஒரு வீட்டுல வச்சிருக்கேன். நல்லாக் கவனிச்சுக்கிறாங்க, கீரையைப் பொடிப்பொடியா நறுக்கிப் போடுறாங்க. போட்டோ அனுப்பியிருக்கேன் பாருங்க, எவ்வளவு கொழுத்துட்டான்னு.

கொண்டுவர்றதைப் பற்றி யோசிக்கிறேன். பஸ்ல குளிர் தாங்குவானோ தெரியலை. பார்க்கலாம்.

உங்களுக்கு ஒரு விஷயம் எழுதணும்னு நினைச்சேன். வேலை முடியட்டும், விவரமா எழுதறேன்.

மாப்பிள்ளை


டிசம்பர் 3

மாப்பிள்ளைக்கு,

சுகம். இங்கே காலையில் குளிர்கிறது, நால்வருக்கும் ஒரு பல்பு கூடுதலாகப் போட்டிருக்கிறேன்.

போட்டோ கிடைத்தது. தவிடு கொழுத்துத்தான் இருக்கிறான். நீலத் துணி உடுத்தின மடியில் சாய்ந்துகொண்டு, வீட்டுக்காரர் மாதிரி படுத்திருக்கிறான்.

அந்த நீலத் துணியின் ஓரம் ஒரு சாண் அளவுக்குப் பிரிந்து தொங்குகிறது. மெஷினில் அடித்த ஓரம் இல்லை, கையால் இழுத்துத் தைத்தது. நூலும் கறுப்பு, நீலத்துக்குக் கறுப்பு போடக் கூடாது. நடக்கும்போது கால் மாட்டி விழப்போகிறார்கள், படியில் ஏறி இறங்குகிறவர்களாக இருந்தால் ஆபத்து. சொல்லி வையுங்கள். கூடவே ஒரு நீல நூல்கண்டு வைத்திருக்கிறேன், நிறம் பொருந்தும் என்றுதான் நினைக்கிறேன்.

நீங்கள் எழுத நினைத்த விஷயத்தை எழுத வேண்டியதில்லை. எழுதினாலும் சரி. நான் கேட்பது தவிட்டை மட்டும்தான்.

மண்ணாங்கட்டி இன்று என்னைப் பார்த்துக் கை ஆட்டினாள். ஒரு கையை மெதுவாகத் தூக்கி, வட்டமாக, ரயிலில் போகிறவர்களுக்கு டாட்டா காட்டுகிற மாதிரி. சண்டைக்கு வரவில்லை, என்னை விட்டுவிடு என்று அதற்கு அர்த்தம் என்பாள் சுண்டு. நானும் பதிலுக்குக் கை ஆட்டினேன். பார்க்கிறவர்கள் பைத்தியம் என்பார்கள், பார்க்க ஆள் இல்லாததுதான் சௌகரியம்.

அத்தை


ஜனவரி 2

மாப்பிள்ளைக்கு,

நலம்தானே? ஒரு மாதமாகக் கடிதம் இல்லை. நான் எழுதினது மனசைக் குத்திவிட்டதா? குத்துவதற்காக எழுதவில்லை.

தவிட்டைக் கொண்டுவர வேண்டாம். இனிமேல் தேவையில்லை.

பயப்படாதீர்கள், மண்ணாங்கட்டி நன்றாக இருக்கிறாள். நன்றாக இருப்பதால்தான் தேவையில்லை. போன வாரம் திரும்பவும் மூலையைப் பறண்ட ஆரம்பித்தாள். வயிற்று வலியோ என்று பயந்துபோய், இதுங்களுக்குத் தீனியாகச் சில்வண்டு வாங்கப் போனபோது வளர்ப்பு மீன் விற்கிற மீன்கடைக்காரரிடம் சொன்னேன். அவர் என்னை ஓணான் அம்மா என்றுதான் கூப்பிடுவார்.

"முட்டைதான் வைக்கப்போகுது ஓணான் அம்மா, மணலைப் போடுங்க" என்றார்.

"ஆண் ஊரிலேயே இல்லையே" என்றேன்.

"ஆம்பளை இல்லாட்டி என்ன? ஒரு தடவை சேர்ந்தா போதும், உள்ளே பத்திரமா சேர்த்து வச்சுக்கும். மாசக்கணக்கா வச்சிருந்து இன்னொரு ஈடு முட்டை, சமயத்துல மூணாவது ஈடுகூட வைக்கும்."

"புருஷன் இல்லாமலேயா?"

"உங்களுக்கு ஏம்மா அதுங்க குடும்ப விவகாரம்?" என்றார். கடையில் இருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டேன் மாப்பிள்ளை. சிரித்த பிறகுதான், எத்தனை காலம் ஆயிற்று என்று தோன்றியது.

பதினான்கு முட்டை. பள்ளத்தில் கிடந்தபடியே ஒவ்வொன்றின் தலையிலும் துணியில் அடையாளம் போடுகிற பென்சிலால் புள்ளி வைத்தேன். நீங்கள் எழுதின அந்தத் தூளைப் பிழிந்தால் சொட்டாத அளவுக்கு ஈரமாக்கினேன். புள்ளி மேலே தெரிகிற மாதிரி வைத்து மூடினேன்.

அவள் ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முன்னால் சேர்த்து வைத்த அதே சேர்க்கைதான் இது. இத்தனை நாளாக என் முன் அறையிலேயே இருந்திருக்கிறது, எனக்குத்தான் தெரியவில்லை.

பெட்டிப் பக்கம் போகாமல் இருப்பதுதான் கஷ்டமாக இருக்கிறது. கை அரிக்கிறது. சமையலறைக்குப் போகிறேன், போனதும் எதற்கு வந்தேன் என்று தெரியாமல் திரும்பி வருகிறேன். நேற்று முன் அறைத் திரை எல்லாவற்றையும் கழற்றி, ஓரம் பிரித்து, திரும்ப அடித்தேன்.

அத்தை


ஜனவரி 20

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்களை எப்படிக் கூப்பிடுவது என்று தெரியாமல் மூன்று தாளைக் கிழித்துவிட்டேன். அம்மா என்று எழுதியது தவறானால் பொறுத்துக்கொள்ளுங்கள். தங்கள் உடல்நலம் எப்படி இருக்கிறது?

நான் இங்கே கட்டட சைட்டில் கணக்கு எழுதுகிறேன். உங்கள் மாப்பிள்ளை ஒவ்வொரு ஞாயிறும் உங்களுக்குக் கடிதம் எழுத உட்காருகிறார், பாதியில் மடித்து வைத்துவிடுகிறார். அவரால் முடியவில்லை. அதனால் நான் எழுதுகிறேன். நான் எழுதுவது அவருக்குத் தெரியும்.

அந்த நீலத் துணி என்னுடையதுதான். ஒரு போட்டோவில் அதைப் பார்த்துவிட்டு நூல்கண்டு அனுப்பியிருக்கிறீர்கள் என்று அவர் கொண்டுவந்து கொடுத்தபோது எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. கணக்கு சரியாக வரும் எனக்கு, தையல் வராது.

எனக்கு முன்பு கல்யாணம் ஆகி, அது சரிப்படாமல் தனியாக இருக்கிறேன். நாங்கள் இன்னும் எதுவும் முடிவு செய்யவில்லை. உங்களிடம் சொல்லாமல் முடிவு செய்ய மாட்டேன் என்று அவர் சொல்லிவிட்டார். சொல்லவும் மாட்டேன் என்கிறார்! பிறகு எப்படித்தான் முடிவு செய்வது?

ஒன்று மட்டும் உங்களிடம் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. உங்கள் மகளைப் பற்றி அவர் என்னிடம் பேசியதே இல்லை. நான் கேட்டாலும் வேறு பேச்சுக்குப் போய்விடுவார். எல்லோரிடமும் சிரித்துப் பேசுகிறார், சைட்டில் அவரைக் கலகலப்பான ஆள் என்பார்கள். ஆனால் நான் சமையலறையில் இருக்கும்போது, தவிட்டைத் தோளில் வைத்துக்கொண்டு அதனிடம் பேசுவது எனக்குக் கேட்கும். "சுண்டு இருந்தா இப்ப என்ன சொல்லுவா தெரியுமாடா?" என்பார். நான் பாத்திரத்தைச் சத்தம் இல்லாமல் வைத்துவிட்டு நின்றுகொள்வேன்.

தவிடு உங்களுக்கு வேண்டுமென்றால் நானே கொண்டுவந்து தருகிறேன். முதலில் அதைத் தொடவே பயந்தேன். இப்போது அது இல்லாவிட்டால் மடி காலியாக இருக்கும் என்பதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

தங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,
கணக்கு எழுதுகிறவள்


பிப்ரவரி 5

கணக்கு எழுதுகிற பெண்ணுக்கு,

நலம். நீயும் நலமாக இரு. வயதில் சின்னவளாக இருப்பாய் என்று நீ என்றே எழுதுகிறேன்.

உன் கடிதத்துக்கு உடனே பதில் எழுதியிருக்க வேண்டும். முதலில் ஒரு கடிதம் எழுதினேன், அது நல்ல கடிதம் இல்லை. அதைக் கிழித்துவிட்டேன். இரண்டாவது அதைவிட மோசம். மூன்றாவதையும் கிழித்தேன். இது நான்காவது. நீயும் மூன்று தாள் கிழித்தாய், கணக்கு சரியாகிவிட்டது.

தவிடு உன்னிடமே இருக்கட்டும். மடியில் பழகிய உயிரைப் பஸ்ஸில் அலைக்கழிக்கக் கூடாது. அவனுக்கு வாரம் ஒரு தடவை வெதுவெதுப்பான தண்ணீரில் குளியல் போடு. தாடி கறுத்தால் கோபம், கொஞ்ச நேரம் கிட்டப் போகாதே. சில்வண்டு அவன் இரண்டு கண்ணுக்கு நடுவில் இருக்கிற இடத்தைவிடப் பெரிதாக இருக்கக் கூடாது. இதெல்லாம் என் பெண் சொன்னது. அப்போது காதில் வாங்காத மாதிரி மெஷினை மிதித்துக்கொண்டிருந்தேன், எல்லாம் உள்ளே போய்த்தான் இருக்கிறது.

நீல நூலில் தைத்தாயா? பின் பக்கம் தையல் தெரியாமல் எடுக்க வேண்டும். வராவிட்டால் வைத்திரு.

மாப்பிள்ளையிடம் நீ சொல்ல வேண்டியது ஒன்றுதான். பதினான்கும் இன்றுவரை பள்ளம் விழாமல் உப்பியிருக்கிறது. மூடியைத் திறக்கவில்லை, கண்ணாடி வழியாகப் பார்க்கிறேன். புள்ளி எல்லாம் மேலேதான் இருக்கிறது.

இப்படிக்கு,
அத்தை என்று கூப்பிடு. அம்மா வேண்டாம், இப்போதைக்கு.


மார்ச் 9

மாப்பிள்ளைக்கு,

சுகம் விசாரிக்க இன்று பொறுமை இல்லை. வந்துவிட்டார்கள்!

நேற்றுக் காலையில் முட்டைகள் வியர்த்த மாதிரி நனைந்திருந்தன. அப்புறம் ஒன்றில் சின்னக் கீறல், அதில் ஒரு மூக்கு. மூக்கை நீட்டிவிட்டு அப்படியே தூங்கிவிட்டது. உதவி செய்யலாமா என்று கை போயிற்று. கையை முந்தானைக்குள் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தானே வந்தது. இரண்டு வரவில்லை. மீதிப் பன்னிரண்டும் வந்துவிட்டன, பெட்டிக்குள் ஒன்றின் தலைமேல் ஒன்று ஏறி நிற்கின்றன.

பதினொன்று அப்பன் ஆத்தா மாதிரி பழுப்பு, முதுகில் பட்டை பட்டையாகக் கோடு.

ஒன்று வெள்ளை. பால் வெள்ளை இல்லை, சாம்பல் தட்டின வெள்ளை. மீன்கடைக்காரர் வந்து பார்த்தார், தோல் உரிக்க உரிக்க வெளுக்குமாம். ஒரு கோடு இல்லை, ஒரு புள்ளி இல்லை. அவர்கூடக் கேலி பேசாமல் பார்த்துக்கொண்டு நின்றார். "உங்க பொண்ணு சொல்லிக்கிட்டே இருந்துச்சும்மா" என்றார்.

குட்டிகள் கொஞ்சம் தேறட்டும். பிறகு வந்து பாருங்கள். ஒரு ஆளாக வர வேண்டாம். இரண்டு பேருமாக வாருங்கள்.

அத்தை


மே 18

சுண்டு,

மறுபடியும் உனக்கு எழுத உட்கார்ந்திருக்கிறேன். முதல் கடிதம் டிராயரில் அப்படியே இருக்கிறது.

நேற்று வந்தார்கள். எனக்குக் காலையிலிருந்தே இருப்புக் கொள்ளவில்லை. பெருக்கின அறையையே பெருக்கினேன். அவள் மெலிந்த பெண், உன்னைவிட உயரம், கண்ணாடி போட்டிருக்கிறாள். பிரேம் மூக்குக்குப் பொருந்தவில்லை. நீ பார்த்திருந்தால் கழற்றி வாங்கி வளைத்துக் கொடுத்திருப்பாய். பையிலிருந்து அந்த நீலத் துணியை எடுத்து, "தைச்சுப் பார்த்தேன், வரலை அத்தை" என்றாள். வாங்கி மெஷினில் போட்டேன். அவள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். நீ உட்காருவாயே, அதே ஸ்டூல். எழுந்திரு என்று சொல்ல வாய் வரைக்கும் வந்துவிட்டது. ஓரத்தை நேராக அடிக்க முடியவில்லை, பிரித்து இன்னொரு தடவை அடித்தேன்.

மாப்பிள்ளை நன்றாக இருக்கிறார் சுண்டு. சதை போட்டிருக்கிறார். லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்ட முதலாளி கதையைச் சொல்லிச் சிரிக்க வைத்தார். இரண்டு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டார். வந்ததிலிருந்து உன் பெயரை ஒரு தடவைகூட எடுக்கவில்லை. உன் போட்டோ இருக்கிற சுவரின் பக்கம் முதுகைக் காட்டித்தான் உட்கார்ந்தார். எனக்கு உள்ளே எரிந்தது. அந்தப் பெண் எழுதினது பொய்யோ, என்னைச் சமாதானம் பண்ண எழுதினாளோ என்றுகூட நினைத்தேன்.

சாப்பிட்ட பிறகு குட்டிகளைக் காட்டினேன். வெள்ளை இப்போது நன்றாகவே வெளுத்துவிட்டது, கையில் வைத்தால் சாக்பீஸ் மாதிரி இருக்கிறது. அந்தச் சிவப்பு ஆள் நான்கு தடவை வந்துவிட்டார், வேலி ஓணான் என்று சொன்ன அதே ஆள்தான். நான் கதவைப் பாதிதான் திறந்தேன்.

வெள்ளையை எடுத்து மாப்பிள்ளையிடம் நீட்டினேன். "உங்களுக்குத்தான் வச்சிருந்தேன். அவ உங்களுக்குத்தான் காட்டணும்னு இருந்தா" என்றேன்.

அவர் வாங்கவில்லை. ஒரு விரலால் அதன் தலையைத் தடவினார். "இது உங்ககிட்டயே இருக்கட்டும் அத்தை" என்றார். பிறகு பெட்டிக்குள் கையை விட்டு, அந்தப் பதினொன்றையும் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஒன்று ஓடாமல் நின்று அவரைப் பார்த்துக் கை ஆட்டியது. அதை எடுத்துத் தோளில் வைத்துக்கொண்டார், நீ வைத்துக்கொள்வாயே, கழுத்துக்கும் சட்டைக் காலருக்கும் நடுவில், அதே இடத்தில். "எனக்கு இவன் போதும்" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். சொல்லிவிட்டு வாசலுக்குப் போய்ச் செருப்பை மாட்ட வெகுநேரம் ஆக்கினார். அந்தப் பெண் அவர் பக்கம் பார்க்காமல் என்னிடம் நீலத் துணியை மடித்துக் காட்டி, "தையலே தெரியலை அத்தை" என்று பேசிக்கொண்டிருந்தாள்.

இன்று காலையில் மீன்கடைக்குப் போனேன். பழுப்புக் குட்டிகளில் எதற்கு உள்ளே வெள்ளை இருக்கும் என்று கேட்டேன். மூன்றில் இரண்டுக்கு இருக்கும், ஆனால் எந்த இரண்டு என்று யாராலும் சொல்ல முடியாது, எல்லாம் ஒரே பழுப்புதான் என்றார்.

வந்து உட்கார்ந்து மீதிப் பத்தையும் பார்த்துக்கொண்டிருக்கிறேன். தூக்கவில்லை, திருப்பவில்லை, சும்மா பார்க்கிறேன். மண்ணாங்கட்டி பக்கத்துப் பெட்டியில் தூங்குகிறாள். மாப்பிள்ளை தோளில் ஏறிப் போனதே, அதையேதான் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

கோட்டு என்றால் ஓரத்தில் நாலு தையலைப் பிரித்து உள்ளே என்ன லைனிங் என்று பார்த்துவிடுவேன். இதில் எப்படிடி பார்ப்பது, சுண்டு?